அக்குளில் ஒரு சாட்சி

மார்பகப் புற்றுநோய் கட்டியோடு நின்றதா, வெளியே நகர்ந்ததா என்று முதலில் காட்டிக்கொடுப்பவை அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள். அவற்றை அடியோடு வழித்தெடுத்த காலம் மாறி, ஒன்றிரண்டை மட்டும் எடுத்து விசாரிக்கும் காலம் வந்துவிட்டது. இந்த மாற்றம் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கிறதா?

ஆபரேஷன் தியேட்டர். மேசையில் நடுத்தர வயதுப் பெண் மயக்கத்தில் இருக்கிறார். வலது கை பக்கவாட்டில் நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சற்று முன்பு மார்புக் காம்பைச் சுற்றி நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றி, ஐந்து நிமிடம் மெல்ல நீவிவிட்டிருக்கிறார்கள். அக்குள் மடிப்புக்குக் கீழே சிறிய கீறல். சர்ஜன் பேனா போன்ற ஒரு கருவியை உள்ளே நீட்டுகிறார். அது இடத்துக்கு இடம் முனகுகிறது. ஓரிடத்தில் மட்டும் வீறிடுகிறது. மஞ்சள் கொழுப்பை விலக்கினால் நூலிழை அளவில் ஒரு நீலக் கோடு ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீலமேறிய ஒரு சின்ன முடிச்சு.

முடிச்சு குப்பியில் விழுந்ததும் உதவியாளர் பேத்தாலஜி அறைக்கு ஓடுகிறார். அங்கே அதை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். தியேட்டரில் அரை மணி நேரம் காத்திருப்பு. பிறகு இன்டர்காம் ஒலிக்கிறது. “நெகட்டிவ், மேடம்.” அவ்வளவுதான். அக்குளில் மிச்சமிருக்கும் முடிச்சுகளைத் தொடாமல் தையல் போட ஆரம்பிக்கிறார் சர்ஜன்.

சென்டினல் நோட் பயாப்ஸி நடக்கும் எந்த மருத்துவமனையிலும் காணக்கூடிய காட்சி இது. நாற்பது வருடத்துக்கு முன்பு இதே மேசையில் இதே பெண் படுத்திருந்தால், நோய் இருக்கிறதோ இல்லையோ, அக்குள் முழுக்கக் காலியாகியிருக்கும். அதற்கான விலையை அவருடைய கை ஆயுள் முழுக்கக் கொடுத்திருக்கும்.

உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகான் 2022-ன்படி இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம். கட்டி மார்பகத்தில் இருந்தாலும் நோய் எந்தக் கட்டம், கீமோ வேண்டுமா, ரேடியேஷன் எதுவரை என்ற கேள்விகளுக்கான விடையில் பெரும்பங்கு அக்குளிலிருந்துதான் வருகிறது.

கைக்கும் மார்புக்கும் நடுவே

கையைத் தூக்கினால் தெரியும் குழி, உள்ளே பிரமிடு வடிவ அறை. முன்சுவர் மார்புத் தசைகள். பின்சுவர் தோள்பட்டை எலும்பை ஒட்டிய தசைகள். உள்பக்கம் விலா எலும்புகள், வெளிப்பக்கம் மேற்கை எலும்பு. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளும் பெரிய ரத்தக்குழாய்களும் இந்த அறை வழியாகத்தான் போகவேண்டும். அவற்றுக்கு நடுவே மெத்தை போட்டதுபோல் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குள் புதைந்திருக்கின்றன 20 முதல் 30 நிணநீர் முடிச்சுகள். சிலருக்கு 40 வரைகூட இருக்கும்.

ரத்தக்குழாய்களிலிருந்து தினமும் கசிந்து, சிரை வழியே திரும்பாமல் திசுக்களில் தங்கிவிடும் நீர் ஏறத்தாழ மூன்று லிட்டர். அதைச் சேகரித்து மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. வழியில் இருக்கும் முடிச்சுகள் அந்த நீரை வடிகட்டிப் பரிசோதிக்கின்றன. கிருமியோ அந்நியப் பொருளோ வந்தால், உள்ளே குடியிருக்கும் வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு, பெருகி, சண்டைக்குத் தயாராகின்றன. விரலில் முள் குத்திச் சீழ் வைத்தால் அக்குளில் நெறி கட்டுவது இதனால்தான். வீக்கம் என்பது முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி.

உடற்கூறு நூல்கள் இந்த முடிச்சுகளை ஐந்து கூட்டமாகப் பிரிக்கின்றன. முன்கூட்டத்துக்கு மார்பகத்திலிருந்தும் மார்புச் சுவரிலிருந்தும் நிணநீர் வருகிறது. பின்கூட்டத்துக்கு முதுகின் மேற்பகுதியிலிருந்து. பக்கக் கூட்டம், அக்குள் சிரையை ஒட்டி, கை முழுவதையும் கவனித்துக்கொள்கிறது. மூன்றும் நடுக்கூட்டத்தில் கலந்து, அங்கிருந்து உச்சிக் கூட்டத்துக்கு ஏறி, கழுத்தடியில் பெரிய சிரையில் போய்ச் சேர்கின்றன. மார்பக நிணநீரில் 75 சதவீதத்துக்கு மேல் இந்தப் பாதையில்தான் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நடுநெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் முடிச்சுகளுக்குச் செல்கிறது.

சர்ஜன்களின் கணக்கு வேறு. சிறிய மார்புத் தசையை எல்லையாக வைத்து, அதற்குக் கீழே இருப்பது முதல் மட்டம், பின்னால் இருப்பது இரண்டாம் மட்டம், தாண்டி மேலே இருப்பது மூன்றாம் மட்டம் என்கிறார்கள். நோய் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே ஏறுகிறது.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. மார்பகத்துக்கும் கைக்கும் வடிகால் ஒரே அறையில் இருக்கிறது. மார்பகத்துக்காக அந்த அறையைக் காலி செய்தால் கையின் வடிகாலும் சேர்ந்து அறுபடும்.

---
பெட்டிச் செய்தி: எண்களில் அக்குள்

• ஓர் அக்குளில் முடிச்சுகள்: சுமார் 20 – 30. அவரை விதை வடிவம். சாதாரணமாக 1 செ.மீ.க்குள்.
• ஸ்கேனில் சந்தேகம் தருபவை: முடிச்சின் வெளி அடுக்கு 3 மி.மீ.க்கு மேல் தடித்திருப்பது, நடுவே தெரியவேண்டிய கொழுப்புப் பகுதி மறைந்துபோவது.
• அறுவைக்குப் பின் முடிச்சுகளில் நோயைக் கணக்கிடும் முறை: 1 – 3 முடிச்சுகளில் இருந்தால் ஒரு படி, 4 – 9 என்றால் அடுத்த படி, 10 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் படி.
• முடிச்சுக்குள் இருக்கும் புற்றுக் கூட்டம் 0.2 மி.மீ.யைத் தாண்டி 2 மி.மீ. வரை இருந்தால் அது நுண்பரவல்.
---

வெட்டு… இன்னும் வெட்டு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டட். 1894-ல் தன்னுடைய 50 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். மார்பகம், அதற்கடியில் இருக்கும் மார்புத் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது அவர் முறை. புற்றுநோய் மார்பகத்திலிருந்து முடிச்சுக்கு, முடிச்சிலிருந்து உடம்புக்கு என ஒழுங்காகப் படியேறுகிறது; முடிச்சுகளை அகற்றினால் பாதையே அடைபடும் என்பது கணக்கு. அறுத்த இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்ததால் உலகமே அவரைப் பின்பற்றியது. விலா எலும்பு தெரியும் மார்போடும், வீங்கிய கையோடும் பெண்கள் வீடு திரும்பினார்கள். அந்தக் கைவீக்கத்தை அறுவையால் வந்த யானைக்கால் நோய் என்ற பொருள்படும் பெயரில் குறிப்பிட்டு, 1921-ல் ஹால்ஸ்டட்டே ஒரு கட்டுரை எழுதினார்.

அவருடைய கணக்கை நேரடியாகச் சோதித்துப் பார்க்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971-ல் தொடங்கிய ஆய்வில் 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். அக்குளில் கட்டி தட்டுப்படாத பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டட் முறை அறுவை. இன்னொரு பிரிவினருக்கு மார்பகம் மட்டும் நீக்கப்பட்டு, அக்குள் தொடாமல் விடப்பட்டது. முதல் பிரிவில் சுமார் 40 சதவீதம் பேரின் முடிச்சுகளில் நோய் இருந்தது. அப்படியென்றால் தொடாமல் விட்ட பிரிவிலும் ஏறத்தாழ அதே அளவு பேருக்கு முடிச்சில் நோய் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களில் பின்னாளில் அக்குளில் நோய் தலைகாட்டி அறுவை தேவைப்பட்டவர்கள் 18 சதவீதம் அளவுதான். 25 ஆண்டுக் கணக்கு 2002-ல் வெளியானபோது இரு பிரிவினரின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

முடிச்சில் நோய் இருப்பது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. அதைத் தீர்மானிப்பது முடிச்சு அல்ல. சாட்சியிடம் விசாரித்தால் போதும். ஊரிலிருக்கும் சாட்சிகளையெல்லாம் ஒழிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது.

முதல் முடிச்சைப் பிடி

எல்லாவற்றையும் எடுக்காமல் எப்படி விசாரிப்பது? மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை, அதாவது சென்டினல் நோடை, கண்டுபிடித்தால் போதும். அதில் நோய் இல்லையென்றால் அடுத்தவற்றில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோயில் 1993-ல் டேவிட் கிராக் கதிரியக்கத் திரவத்தாலும், 1994-ல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தாலும் இதைச் செய்து காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு. தியேட்டரில் வீறிடும் பேனா கதிரியக்கத்தை மோப்பம் பிடிக்கும் காமா புரோப். மறுநாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போனால் நோயாளி பயப்பட வேண்டாம், சாயம்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆய்வும் கத்தியை ஒரு படி பின்னுக்குத் தள்ளியது. 5,600 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு, முதல் முடிச்சு சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம் என்பதை 2010-ல் உறுதிசெய்தது. 2011-ல் வெளியான இசட் 0011 ஆய்வு இன்னும் துணிச்சலானது. மார்பகத்தைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் நீக்கி, ரேடியேஷன் கொடுத்த பெண்களில், முதல் முடிச்சுகளில் ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும் அக்குளை வழித்தெடுக்காமல் பார்த்தார்கள். பத்தாண்டு முடிவில் வழித்தெடுத்தவர்களில் 83.6 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 86.3 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

2023-ல் இத்தாலி தலைமையில் வந்த சவுண்ட் ஆய்வு, முதல் முடிச்சைக்கூட எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா என்று கேட்டது. கட்டி 2 செ.மீ.க்குள், அக்குள் ஸ்கேன் சுத்தம் என்றால், முடிச்சு எடுத்தவர்களில் 97.7 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 98 சதவீதம் பேருக்கும் ஐந்தாண்டுகளில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. 2024 இறுதியில் வெளியான ஜெர்மானிய ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தச் சலுகைகள் சிறிய கட்டியோடு, சீக்கிரம் வந்தவர்களுக்கு. அக்குளில் முடிச்சுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வருபவர்களுக்கு முழு அறுவை இன்றும் தேவைப்படலாம்.

வளையல் ஏறாத கை

அக்குளை முழுவதும் வழித்தெடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வருகிறது. முதல் முடிச்சு மட்டும் எடுத்தவர்களில் இது சுமார் 6 சதவீதம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான கணக்கு இது. அக்குளுக்கு ரேடியேஷன் கொடுத்தவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தொடங்கும். ஆரம்பம் நயமானது. ஒரு பக்க வளையல் இறுகும். மோதிரம் கழலாது. தைத்த ஜாக்கெட்டில் ஒரு கை மட்டும் பிடிக்கும். மாலையில் கை கனக்கும், காலையில் சரியாகிவிடும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். “ஆபரேஷன் பண்ணின கைதானே, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டால் தங்கிய நீர் புரதத்தோடு சேர்ந்து இறுகி, தோல் தடித்து, நாராகிவிடும். பிறகு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாது.

வீங்கிய கையில் கிருமி எளிதில் குடியேறும். காய் நறுக்கும்போது பட்ட கீறலே போதும். ஒரே நாளில் கை சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வரும். அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை வரும் தொற்றும் மிச்சமிருக்கும் குழாய்களைக் கெடுத்து, வீக்கத்தை ஒரு படி ஏற்றிவிட்டுப் போகும்.

சிகிச்சை மாத்திரையில் இல்லை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் நிணநீரை மெல்ல நீவி நகர்த்துவது, பல அடுக்குக் கட்டு, பிறகு அழுத்தக் கையுறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. சித்திரை வெயிலில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. உறை தளர்ந்துவிட்டால் புதிது வாங்க வேண்டும். அந்தச் செலவு அறுவைக் கணக்கில் வருவதில்லை, வீட்டுக் கணக்கில்தான் ஏறுகிறது.

கைவீக்கத்தோடு இது முடிவதில்லை. அக்குளின் குறுக்கே ஓடும் உணர்வு நரம்பு அறுபட்டால் மேற்கையின் உட்புறம் மரத்துப்போகும். விலாவை ஒட்டி இறங்கும் நீண்ட நரம்பு காயப்பட்டால், சுவரில் கையூன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் புடைக்கும். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறு இழுத்ததுபோல் தோலடியில் விறைக்கும்; இது பயிற்சியில் சரியாகும். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க, தலை பின்ன, பின்பக்கக் கொக்கி மாட்ட முடியாமல் தவிக்கும் பெண்ணிடம், நோய் குணமானதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு பக்கம், பயத்தால் கையைச் சும்மா வைத்திருப்பதும் கெடுதல். வீங்கிய கையில் எடை தூக்கவே கூடாது என்பது பழைய அறிவுரை. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 141 பெண்கள் பங்கேற்றார்கள். மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. திடீரென்று முற்றுவதும் குறைந்தது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது பற்றிய அச்சத்துக்கும் 2016-ல் வெளியான ஆய்வில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. மறு கை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது நல்லது. அவசரத்தில் இந்தக் கையில் ஊசி போட்டுவிட்டார்களே என்று தூக்கம் தொலைக்க வேண்டியதில்லை.

---
பெட்டிச் செய்தி: நெறி கட்டினால் பயப்படலாமா?

• பச்சைக் குழந்தை: பிறந்ததும் பிசிஜி ஊசி இடது மேற்கையில் போடப்படுகிறது. சில குழந்தைகளுக்கு வாரங்கள், மாதங்கள் கழித்து இடது அக்குளில் சிறு கட்டி தெரியும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். சிவந்து பழுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் கீறாதீர்கள்.
• தடுப்பூசி: கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு போட்ட பக்க அக்குள் வீங்கியதைக் கண்டு பலர் பதறினார்கள். மேமோகிராம் அட்டவணையையே தள்ளிவைக்கும்படி 2021-ல் அமெரிக்க மார்பகக் கதிரியல் சங்கம் ஆலோசனை சொல்லும் அளவுக்கு அது பரவலாக இருந்தது.
• பூனைக் கீறல், காசநோய்: இரண்டும் அக்குள் முடிச்சைப் பெரிதாக்கும். இந்தியாவில் காசநோயை மறந்துவிட்டு யோசிக்கவே கூடாது.
• டாட்டூ: கையில் குத்திய மை நிறமி அக்குள் முடிச்சுக்குப் போய்த் தங்கும். ஸ்கேனிலும் அறுவையிலும் அது நோய்போல் ஏமாற்றிய சம்பவங்கள் உண்டு. டாட்டூ இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.
• பிரசவத்துக்குப் பின்: பால் கட்டும்போது அக்குள் வீங்குவது, அங்கே நீண்டிருக்கும் மார்பகத் திசுவாக இருக்கலாம்.
• தாமதிக்கக் கூடாதவை: கெட்டியாக, வலியில்லாமல், அசையாமல் இருக்கும் கட்டி, நான்கு வாரம் தாண்டியும் குறையாதது, கூடவே காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு. வலிக்கவில்லை என்பது நிம்மதிக்குக் காரணம் ஆகாது.
---

நம் ஊருக்குத் தோதான வழி

கதிரியக்கத் திரவத்துக்கு நியூக்ளியர் மெடிசின் துறை வேண்டும். அதில் பயன்படும் டெக்னீஷியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அறுக்கும்போதே முடிச்சைப் பரிசோதிக்கத் தேர்ந்த பேத்தாலஜிஸ்ட் வேண்டும். இந்த வசதி பெருநகரங்களில் குவிந்திருக்கிறது. சிறிய ஊரில், இவை எதுவும் இல்லாத இடத்தில், முழுவதும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று சர்ஜன் முடிவெடுத்தால் அதற்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது. பாதிக்கப்படுவது என்னவோ சிறிய ஊர்ப் பெண்ணின் கை.

இதற்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு மாற்று வழி காட்டியது. அக்குளின் கீழ்ப்பகுதியில், முதல் உணர்வு நரம்புக்குக் கீழே இருக்கும் கொழுப்பை மட்டும் முடிச்சுகளோடு எடுப்பது. காமா கருவி தேவையில்லை, நரம்பே எல்லைக்கோடு. 2013-ல் வெளியான அவர்களுடைய ஒப்பீட்டில், நோயைக் கண்டுபிடிப்பதில் இது முதல் முடிச்சு முறைக்குச் சளைக்கவில்லை. விலை மலிவான மெத்திலீன் நீலத்தையும் இந்திய மருத்துவமனைகள் பரவலாகப் பயன்படுத்துகின்றன. ஆக, கருவி இல்லை என்பது அக்குளை முழுவதும் காலி செய்யப் போதிய காரணம் ஆகாது.

தாமதமாக வருபவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. முதலில் கீமோ, பிறகு அறுவை என்ற வரிசையில் முடிச்சு நோயே மறைந்துபோவதுண்டு. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் முடிச்சில் நோய் உறுதியான பெண்களில் 41 சதவீதம் பேருக்குக் கீமோவுக்குப் பின் முடிச்சுகள் சுத்தமாகியிருந்தன. கீமோவுக்கு முன்பே நோயுள்ள முடிச்சில் சின்ன கிளிப் ஒன்றைப் பதித்துவைத்து, பின்னர் அதையும் இன்னும் சிலவற்றையும் மட்டும் எடுக்கும் முறை இப்போது வளர்ந்துவருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், சீக்கிரம் வருவது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த டாடா ஆய்வு 2021-ல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மேமோகிராம் எந்திரம் இல்லை, விரல்கள் மட்டும்தான்.

---
பெட்டிச் செய்தி: வாட்ஸ்அப்பில் வருவது

• “டியோடரன்ட் நச்சை அடைத்துப் புற்றுநோய் வரவழைக்கும்.” வியர்வைக்கும் நிணநீர் முடிச்சுக்கும் தொடர்பில்லை, முடிச்சுகள் வியர்வை வழியாக எதையும் வெளியேற்றுவதில்லை. 813 நோயாளிகளையும் நோயில்லாத 793 பெண்களையும் ஒப்பிட்ட 2002 அமெரிக்க ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை.
• “ஊசி குத்திப் பார்த்தால் நோய் பரவிவிடும்.” ஊசிப் பரிசோதனையால் ஆயுள் குறைவதாகச் சான்று இல்லை. பரிசோதிக்காமல் நேரே அறுப்பதுதான் சிகிச்சைத் திட்டத்தைக் குழப்பும்.
• “முடிச்சு எவ்வளவு அதிகம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.” அரை நூற்றாண்டு ஆய்வுகள் இதைத்தான் மறுக்கின்றன.
---

கேட்க வேண்டிய நேரம்

அறுவைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் வீடே கலங்கியிருக்கும். “என்ன செய்யணுமோ செய்யுங்க டாக்டர்” என்பதுதான் பெரும்பாலும் நம் பதில். அந்த நேரத்திலும் சில கேள்விகளுக்கு இடம் உண்டு. அக்குளை ஸ்கேன் செய்தீர்களா? முதல் முடிச்சை மட்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் என்ன காரணம்? இங்கே அந்த வசதி இல்லை என்றால், ஒரு வாரம் தாமதமானாலும் வசதியுள்ள இடத்துக்குப் போவது எனக்கு நல்லதா? அறுவை முடிந்த பிறகு பேத்தாலஜி அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: மொத்தம் எத்தனை முடிச்சு எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது. இந்த இரண்டு எண்களும் மேற்கொண்டு நடக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தேவைப்படும்.

கைக்கும் ஒரு கணக்கு வேண்டும். அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் மணிக்கட்டு, முழங்கை, மேற்கை எனக் குறித்த இடங்களில் டேப்பால் அளந்து எழுதிவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை செக்கப்புக்குப் போகும்போதும் அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் பொதுவாக அது வீக்கமென்று கொள்ளப்படுகிறது. தையல்காரரிடம் இருக்கும் இன்ச் டேப்பே இதற்குப் போதும். பல லட்சம் செலவில் நடக்கும் சிகிச்சையில் இதைவிட மலிவான பரிசோதனை வேறு கிடையாது. உங்கள் கேஸ் ஷீட்டில் அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எழுதிவிட்டுத் தியேட்டருக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லுங்கள்.